விரிந்து சுருங்கும் படிகங்கள்

நுண்துளைப் படிகம் என்பது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு திண்மம். அந்த அடுக்குக்குள்ளேயே மூலக்கூறு நுழையும் அளவில் அறைகளும் வழிகளும் இருக்கும். நீர், வாயு, கரைப்பான் ஆகியவை அவற்றுக்குள் போய் வரும். இத்தகைய படிகங்களில் சில, இப்படி வந்து போகும் விருந்து மூலக்கூறு உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் தங்கள் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன. சுவர்கள் சாய்கின்றன, வழிகள் அகல்கின்றன, சிலவற்றில் கனஅளவே மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. சட்டகத்தின் பிணைப்புகள் அறுவதில்லை. விருந்து போனதும் பழைய வடிவம் திரும்பிவிடுகிறது. இப்படி ஒரு திண்மம் இருக்க முடியும் என்று வேதியியல் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டு கால் நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன்பு நெடுங்காலம், படிகம் அசைவது அதன் குறையாகவே எண்ணப்பட்டது.

நுண்துளைப் படிகங்களின் வரலாறு 1756-ல் தொடங்குகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் ஆக்சல் ஃபிரெட்ரிக் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் தீயில் காட்டியபோது, அது கொதிப்பதுபோல் நுரைத்து நீராவியை விட்டது. அதற்கு ஜியோலைட் என்று பெயரிட்டார். 1840-ல் பிரான்சின் தமூர், ஜியோலைட் படிகத்தைச் சூடாக்கி நீரை வெளியேற்றலாம், மறுபடியும் ஏற்றலாம், அப்போதெல்லாம் படிகத்தின் தெளிவோ வடிவமோ கெடுவதில்லை என்று காட்டினார். நீர் போன இடம் வெற்றிடமாகவே நிற்கிறது, சட்டகம் இடியவில்லை என்பதே அந்தக் கண்டுபிடிப்பின் சாரம். 1925-ல் வைகலும் ஸ்டைன்ஹாஃபும் உலர்ந்த சபாசைட் படிகம் மெத்தனாலையும் எத்தனாலையும் ஃபார்மிக் அமிலத்தையும் ஏற்று, அசிட்டோனையும் ஈதரையும் பென்சீனையும் வாசலிலேயே நிறுத்திவிடுவதைப் பதிவுசெய்தனர். துளைக்குள் அடங்கும் மூலக்கூறு போகும், அடங்காதது போகாது. 1932-ல் மெக்பெயின் இதற்கு ‘மூலக்கூறுச் சல்லடை’ என்ற பெயரைத் தந்தார்.

இந்தப் பெயர் துறையின் சிந்தனையையே வடித்துவிட்டது. கண்ணின் அளவு மாறினால் அது சல்லடை ஆகாதல்லவா? யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் மில்டன் 1949-ல் ஜியோலைட் ஏ-யைச் செயற்கையாகச் செய்தார். 1954-ல் செயற்கை ஜியோலைட்டுகள் விற்பனைக்கு வந்தன. வாயுக்களை உலர்த்துவது, பிரிப்பது, பெட்ரோலியத்தை உடைப்பது என்று தொழிற்சாலைகளில் அவை இடம்பிடித்தன. எத்தனை முறை சூடேற்றினாலும் அதே துளை, அதே அளவு என்பதற்காகவே அவற்றுக்கு மதிப்பு. உறுதியே நல்ல படிகத்தின் இலக்கணம் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

மாற்றுக்கான தடயங்கள் அப்போதே இருந்தன. 1930-ல் லைனஸ் பாலிங் சோடலைட் கனிமத்தின் கட்டமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்தார். ஒரு சிலிக்கான் அல்லது அலுமினியம் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் அமைந்த நான்முகிகள், மூலைக்கு மூலை ஆக்சிஜனைப் பகிர்ந்து நிற்கும் சட்டகம் அது. நான்முகி விறைப்பானது, மூலையிலுள்ள ஆக்சிஜன் மடக்கு மூட்டாக இருக்கிறது. நான்முகிகள் ஒவ்வொன்றும் சற்றே திரும்பினால், இணைப்பு எதுவும் அறாமல் சட்டகம் முழுவதுமே ஓரளவு சுருங்க முடியும் என்று பாலிங் எழுதினார். பின்னாளில் வந்த அசையும் படிகங்களின் அடிப்படை விதி இதுதான்: விறைப்பான துண்டுகள், வளையும் மூட்டுகள். 1933-ல் ஜெர்மனியில் ஹோஃப்மன், எண்டெல், வில்ம் ஆகிய மூவர், மான்ட்மோரில்லோனைட் களிமண்ணின் தாள்கள் நீரேறும்போது ஒன்றையொன்று விட்டு விலகுவதை எக்ஸ் கதிரால் அளந்தனர். கரிசல் மண் மழையில் ஊதுவதும் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதும் இந்த வகைக் கனிமத்தால்தான். 1980-களில், பெட்ரோலியத் தொழில் கொண்டாடிய இஸட்எஸ்எம்-5 ஜியோலைட்கூட, சில கரிம மூலக்கூறுகள் உள்ளே போனதும் படிகச் சமச்சீரை மாற்றிக்கொள்வது தெரியவந்தது. ஆனால் அந்த அசைவு மிகச் சிறியது. துறையின் போக்கை அது திருப்பவில்லை.

உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் சேர்த்துப் பின்னிய படிகங்களின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. 1897-ல் கார்ல் ஹோஃப்மனும் கூஸ்பெர்ட்டும் நிக்கல் சயனைடும் அம்மோனியாவும் சேர்ந்த ஒரு சேர்மம் பென்சீனைப் பிடித்துவைத்துக்கொள்வதைக் கண்டனர். பென்சீன் எங்கே இருக்கிறது என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1949-ல் பவலும் ரேனரும் கட்டமைப்பைத் தீர்த்தபோதுதான் விளங்கியது. நிக்கல் சயனைடுத் தாள்களுக்கு இடையில் அது சிறைப்பட்டிருந்தது. ஜியோலைட்டைப் போல இதை வெறுமையாக்கித் திரும்ப நிரப்புவது எளிதாக இல்லை. பென்சீனை விரட்டினால் தாள்கள் அமர்ந்துவிடும். இதைப் போன்ற சேர்மங்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த தீர்ப்பு ‘சட்டகம் இடிந்துவிட்டது’ என்பதுதான். அந்த இடிபாடுகளில் எத்தனை உண்மையிலேயே இடிந்தவை, எத்தனை மறுபடி எழக் காத்திருந்தவை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. துறையின் மிகப் பெரிய தவறவிடல் இது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ராப்சன் 1974-ல் மாணவர்களுக்காக மரப் பந்துகளால் மூலக்கூறு மாதிரிகள் செய்யச் சொன்னார். பந்தில் எங்கெங்கே துளையிட வேண்டும் என்று பட்டறைக்குக் குறித்துக் கொடுத்தபோது, துளைகளின் இடமே முழு வடிவத்தையும் தீர்மானித்துவிடுகிறது என்பது அவருக்கு உறைத்தது. அணுக்களையும் மூலக்கூறுகளையும் இதே முறையில் கோத்தால் என்ன என்ற யோசனை பத்தாண்டுகளுக்கு மேல் ஊறியது. 1989-ல் அவரும் ஹோஸ்கின்ஸும் தாமிர அயனியையும் நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் சேர்த்து, வைரத்தின் அமைப்பை ஒத்த, ஆனால் பெரிய வெற்றிடங்கள் கொண்ட படிகத்தை வெளியிட்டனர். இத்தகைய படிகங்கள் சுலபமாகக் குலைந்தன. கரைப்பானை எடுத்துவிட்டால் நிற்காத வீட்டை எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்டவர்கள் பலர்.

அதற்கு முதல் பதில் ஜப்பானிலிருந்து வந்தது. சுசுமு கிடகவாவின் குழு 1997-ல் கோபால்ட், நிக்கல், துத்தநாகம் ஆகிய அயனிகளை 4,4'-பைபிரிடீன் என்ற நீண்ட மூலக்கூறால் இணைத்த முப்பரிமாணச் சட்டகங்களைச் செய்தது. உலர்த்திய பிறகும் அவை நின்றன. அறை வெப்பநிலையில் மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றை உள்வாங்கி வெளிவிட்டன. அப்போதும் ஆய்வு நிதி எளிதில் கிடைக்கவில்லை. இதையெல்லாம் செய்யத்தான் உறுதியான ஜியோலைட் இருக்கிறதே என்பது எதிர்வாதம். அமெரிக்காவில் ஓமர் யாகி 1995-ல் ‘உலோக-கரிமக் கட்டமைப்பு’ (மோஃப்) என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டார். 1999-ல் அவருடைய குழு வெளியிட்ட மோஃப்-5, வெறுமையாக இருக்கும்போதே 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கியது. அதன் இரண்டு மூன்று கிராம் தூளின் உட்பரப்பை விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வரும். ஜியோலைட்டை ஜியோலைட்டின் களத்திலேயே வென்றது மோஃப்-5. உறுதிதான் அங்கும் பரிசை வாங்கித் தந்தது.

கிடகவா வேறு வழி பார்த்தார். ஜியோலைட்டால் முடியாத எதை இந்தப் படிகங்கள் செய்யும் என்று அவர் கேட்டுக்கொண்டார். 1998-ல் ஜப்பான் வேதியியல் கழகத்தின் இதழில் கோண்டோவுடன் எழுதிய கட்டுரையில், நுண்துளை அணைவுப் பல்லுறுப்பிகளை, அதாவது உலோகமும் கரிம மூலக்கூறும் பின்னிய இத்தகைய படிகங்களை, மூன்று தலைமுறைகளாகப் பிரித்தார். விருந்து போனதும் திரும்ப எழ முடியாமல் இடிபவை முதல் தலைமுறை. விருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே நிற்பவை இரண்டாம் தலைமுறை. விருந்தின் வரவுக்கும் போக்குக்கும், அழுத்தத்துக்கும் ஒளிக்கும் ஏற்ப வடிவத்தை மாற்றி மீள்பவை மூன்றாம் தலைமுறை. கரிம மூலக்கூறும் அணைவுப் பிணைப்பும் சிலிக்கேட்டைவிட இளக்கமானவை. ஆகவே மூன்றாம் தலைமுறை இந்தக் குடும்பத்தில்தான் பிறக்கும் என்பது அவருடைய வாதம். அதற்கு அப்போது கையில் இருந்த சான்றுகள் சொற்பம். இடிதலையும் அசைதலையும் இரண்டு தனி விஷயங்களாகப் பிரித்ததுதான் அந்தக் கட்டுரையின் பெரும் பங்களிப்பு. பயனற்றதாகத் தோன்றுவதிலும் பயன் உண்டு என்ற சீன ஞானி சுவாங்ட்சுவின் கருத்தை, இயற்பியலாளர் யுகவா ஹிதெகியின் நூல் வழியாக இளமையிலேயே மனத்தில் வாங்கியவர் கிடகவா. இடியும் படிகங்களை அவர் ஒதுக்காமல் விட்டதில் அந்த வாசிப்புக்குப் பங்கு இருக்க வேண்டும்.

2001-ல் சீபா பல்கலைக்கழகத்தின் கட்சுமி கனேகோவும் லீயும் ஒரு தாமிர அணைவுச் சேர்மத்தில் விநோதமான நடத்தையைக் கண்டனர். குறைந்த அழுத்தத்தில் அது வாயு எதையும் ஏற்கவில்லை, துளையே இல்லாத தூள்போலக் கிடந்தது. ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் வாயு மளமளவென்று உள்ளே போனது. அழுத்தத்தைக் குறைத்தபோது உடனே வெளியேறவில்லை. நுழைந்ததைவிடக் குறைந்த வேறோர் அழுத்தம் வந்த பிறகே மொத்தமாக வெளியே வந்தது. ஒரே வெப்பநிலையில் அழுத்தத்துக்கேற்ப ஏற்கப்படும் வாயுவின் அளவைக் காட்டும் சமவெப்பநிலைக் கோட்டில் இது செங்குத்தான படியாகத் தெரியும். 1985-ல் வகுக்கப்பட்ட ஆறு வகைச் சமவெப்பநிலைக் கோடுகளுக்குள் இந்தப் படி சரியாக அடங்கவில்லை. அவர்கள் இதை ‘கதவு’ என்றழைத்தனர். 2006-ல் வெளியான ஆய்வு, அந்தச் சேர்மம் தாள் தாளாக அமைந்தது என்றும், கார்பன் டை ஆக்சைடு நுழையும்போது தாள்களுக்கு இடையிலான தூரம் கூடுகிறது என்றும் காட்டியது. இன்று அதன் பெயர் எல்ம்-11.

அசைவை மறுக்க முடியாத அளவில் நிறுவியவர் பிரான்சின் ஜெரார் ஃபெரே. வெர்சாய் நகரின் லவாசியே ஆய்வகத்தில் அவருடைய குழு 2002-ல் வெளியிட்ட மில்-53, இந்த வரலாற்றில் நிதானமாக நின்று பார்க்க வேண்டிய பொருள். குரோமியம் உப்பையும் டெரிதாலிக் அமிலத்தையும் நீரில் 220 டிகிரி வெப்பத்தில், மூடிய கலத்தில் வினைபுரியச் செய்து அது பெறப்பட்டது. பாலியெஸ்டர் நூலுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் மூலப்பொருளாகும் அதே டெரிதாலிக் அமிலம்தான். படிகத்தில் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்து நீண்ட சங்கிலிகளாக ஓடுகின்றன. நான்கு சங்கிலிகளை டெரிதாலேட் துண்டுகள் இணைக்க, நடுவில் சாய்சதுர வாய் கொண்ட நீண்ட வழி உருவாகிறது. கடை வாசல்களில் இழுத்து மூடும் மடக்கு இரும்புக் கதவின் கட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அசைவு எளிதில் விளங்கும். பட்டைகளின் நீளம் மாறுவதில்லை, ஆணியடித்த மூட்டுகளில் கோணம் மட்டும் மாறுகிறது. கட்டம் அகலவும் செய்கிறது, ஒடுங்கவும் செய்கிறது.

புதிதாகச் செய்த மில்-53-இன் வழிகளில் வினைபுரியாத அமிலம் அடைத்துக்கொண்டிருக்கும். 300 டிகிரி அளவில் சூடாக்கினால் அது வெளியேறி, வழி அகலத் திறக்கும். பின்பு தூளைச் சாதாரணக் காற்றில் ஆறவிட்டால், காற்றின் ஈரம் உள்ளே புகும். அப்போது வழி மூடிக்கொள்கிறது. நிறைந்தால் விரியும், வெறுமையானால் சுருங்கும் என்ற எளிய எதிர்பார்ப்புக்கு நேர் எதிரான நடத்தை இது. காரணம் நீரின் பிடிப்பு. சுவரிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடும் கார்பாக்சிலேட் ஆக்சிஜன்களோடும் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டு, எதிரெதிர்ச் சுவர்களைத் தம் பக்கம் இழுக்கின்றன. மறுபடியும் சூடாக்கினால் நீர் போய் வழி திறக்கிறது. திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் இடையிலான வேறுபாடு 5 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. ஆனால் துளையின் அகலமே சில ஆங்ஸ்ட்ராம்தான் என்பதால் இது மாபெரும் அசைவு. ஃபெரேயின் குழு இதற்கு ‘மூச்சு’ என்று பெயர் வைத்தது. துறையில் அந்தச் சொல்லே நிலைத்தது.

மூச்சு வாங்கும் திறன் உலோகத்தைப் பொறுத்து மாறுகிறது என்பது அடுத்து வந்த பாடம். அதே சட்டகத்தைக் குரோமியத்துக்குப் பதில் அலுமினியம் கொண்டும் இரும்பு கொண்டும் கட்டலாம். இரும்பு மில்-53 நீரை இழந்த பிறகும் மூடியே இருக்கிறது. ஹைட்ராக்சிலுக்குப் பதில் ஆக்சிஜனை மட்டும் கொண்ட வனேடியம் வடிவமான மில்-47, அதே சாய்சதுர வழிகளைக் கொண்டிருந்தும், வாயுக்களுக்கு அசைவதில்லை. 2005-ல் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திப் பார்த்தபோது, குரோமியம், அலுமினியம் வடிவங்கள் முதலில் ஓரளவு ஏற்று நின்றுவிட்டு, சுமார் 6 பார் அழுத்தத்தில் இன்னொரு படி ஏறின. முதலில் வழி ஒடுங்கிப் பின் திறக்கிறது என்பது வாயுவின் கீழேயே எடுத்த எக்ஸ் கதிர்ப் பதிவுகளில் உறுதியானது. மீத்தேன் அந்தப் படியை ஏறவில்லை. விருந்தே இல்லாமலும் அசைவு நடக்கும் என்பது 2008-ல் தெரிந்தது. வெறுமையான அலுமினியம் மில்-53, 125 முதல் 150 கெல்வின் வரை குளிர்ந்ததும் ஒடுங்கியது, 325 கெல்வினைத் தாண்டிய பிறகே திறந்தது. இடைப்பட்ட வெப்பநிலையில் அது எந்த வடிவில் இருக்கும் என்பதை அதற்கு முன் அது பட்ட வெப்பமோ குளிரோ தீர்மானிக்கிறது.

அதே ஆய்வகத்தின் மில்-88 குடும்பம் இதையும் மிஞ்சியது. 2007-ல் வெளியான அளவீடுகளின்படி, இணைப்பு மூலக்கூறின் நீளத்தையும் கரைப்பானையும் பொறுத்து இவற்றின் கனஅளவு 85 முதல் 230 சதவீதம் வரை கூடுகிறது. பிணைப்பு அறாமல், படிக ஒழுங்கு கெடாமல் இவ்வளவு வீங்கும் படிகம் அதுவரை அறியப்படவில்லை.

கிடகவாவும் ஹோரிகேயும் ஷிமோமுராவும் 2009-ல் இந்தப் பொருள்கள் அனைத்தையும் ‘மென்மையான நுண்துளைப் படிகங்கள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவந்தனர். படிக ஒழுங்கு, இரண்டோ அதற்கு மேலோ நிலைத்த வடிவங்கள், அவற்றிடையே மீளும் மாற்றம், நிலையான துளை ஆகியவை அந்த வரையறையின் கூறுகள். எல்லா அசைவும் இப்படிக் கனஅளவை மாற்றுவதில்லை. துத்தநாகமும் மெத்தில் இமிடசோலேட்டும் சேர்ந்த ஜிஃப்-8-இல் வாசலின் அளவு 3.4 ஆங்ஸ்ட்ராம்தான், அதைவிடப் பெரிய மூலக்கூறுகளும் உள்ளே போகின்றன. வாசலில் நிற்கும் இமிடசோலேட் வளையங்கள் திரும்பி வழிவிடுவதே காரணம். 2009-ல் இதே திருப்பம் 1.47 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது வளிமண்டலத்தைப் போல் சுமார் 14,500 மடங்கில், காணப்பட்டது. 2011-ல் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் சாதாரண நைட்ரஜனே அதைச் செய்தது. சல்லடை என்ற பழைய கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஜிஃப்-8 நல்ல உதாரணம்.

2013-ல் கியோட்டோவில் கிடகவாவின் குழு படிகத்தின் பருமனும் முக்கியம் என்று காட்டியது. ஒரு தாமிரச் சட்டகத்தின் படிகங்களை மிகச் சிறிதாக்கியபோது, விருந்து போன பிறகும் அவை திறந்த வடிவத்திலேயே நின்றன. சூடாக்கிய பிறகுதான் மூடின. 2016-ல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் காஸ்கெலின் குழு வெளியிட்ட டியூடி-49 இன்னும் வியப்பானது. மைனஸ் 162 டிகிரியில் மீத்தேனின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் சட்டகம் திடீரென்று சுருங்கி, ஏற்றிருந்த வாயுவில் ஒரு பகுதியை வெளியே தள்ளியது. அழுத்தம் கூடினால் ஏற்கும் அளவும் கூட வேண்டும் என்பது வேதியியலின் பாலபாடம். அளவீட்டுக் கருவியைக் கையாண்டவர்கள் முதலில் கசிவையோ அளவுக் கோளாறையோ சந்தேகித்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. நீண்ட இணைப்பு மூலக்கூறுகள் பாரம் தாங்காத தூண்களாக நெளிந்து வளைவதே விளக்கம். அதுவரை சட்டகம் தேவைக்கு மீறிய வாயுவோடு நிலையற்ற நிலையில் தாக்குப்பிடித்திருக்கிறது.

பயன்பாட்டில் இந்த அசைவுக்கு உள்ள மதிப்பை 2015-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங்கின் குழு தெளிவாக எடுத்துக்காட்டியது. இயற்கை வாயு வாகனத்தின் கலனில் மீத்தேனை அடைக்கும்போது இரண்டு தொல்லைகள். எஞ்சினுக்கு வாயு போக 5.8 பார் அளவு அழுத்தமாவது கலனில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உறுதியான துளைகளில் ஒட்டிக்கிடக்கும் வாயு பயன்படாது. அடைக்கும்போது பிறக்கும் வெப்பம் இன்னொரு தொல்லை. லாங்கின் கோபால்ட் சட்டகம் தாழ்ந்த அழுத்தத்தில் மூடிவிடுவதால், ஏறக்குறைய எல்லா வாயுவையும் வெளியே கொடுத்துவிடுகிறது. திறப்பதற்கு ஆற்றல் செலவாவதால், வாயு ஏறும்போது பிறக்கும் வெப்பத்தில் ஒரு பங்கைப் படிகமே விழுங்கிக்கொள்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆலைகளில் அசையும் படிகங்கள் பரவவில்லை. ஆய்வகத்தில் தளர்ந்த தூளாக இருக்கும் பொருளைத் தொழிலுக்காக வில்லைகளாக அழுத்தினால், படிகங்கள் விரிய இடமில்லை. திரும்பத் திரும்ப விரிந்து சுருங்கினால் வில்லை விரிசல் காண்கிறது. திறக்கும் அழுத்தமும் மூடும் அழுத்தமும் வேறுபடுவதால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஆற்றல் வீணாகிறது. அலுமினியம் மில்-53-ஐ பாஸ்ஃப் நிறுவனம் பாசோலைட் ஏ100 என்ற பெயரில் உற்பத்தி செய்தபோதும், அது பெரும்பாலும் ஆய்வகங்களுக்கே போயிற்று. ஒரு சட்டகத்தை வரைபடத்தில் பார்த்தே அது எந்த அழுத்தத்தில் எவ்வளவு திறக்கும் என்று கணிப்பதும் இன்னும் கடினமாகவே இருக்கிறது.

2025-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடகவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்கும் உலோக-கரிமக் கட்டமைப்புகளை உருவாக்கியதற்காக வழங்கப்பட்டது. இந்தப் படிகங்களை அசையும்படி செய்யலாம் என்று கிடகவா முன்கூட்டியே சொன்னதையும் தேர்வுக் குழு குறிப்பிட்டது. அது நியாயமான சிறப்பு. முன்கணிப்பை அளவுகளோடு மெய்ப்பித்த ஃபெரே 2017-ல் காலமாகிவிட்டார். மறைந்தவர்களுக்கு அந்தப் பரிசு வழங்கப்படுவதில்லை. அசையும் படிகங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கியோட்டோவுக்கு நிகரான இடத்தை வெர்சாய்க்கும் கொடுத்தே ஆக வேண்டும்.